காப்பிக் கடையில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம்?

கொஞ்சம் நீண்ட பதிவு. காலைக் காப்பியை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முன்னாள் மாணவர் ஒருவர் துருக்கிக்குச் சுற்றுலா போனவர், நீண்ட கைப்பிடி வைத்த ஒரு குட்டிச் செம்புப் பாத்திரத்தின் படத்தை அனுப்பி, "சார், இதுலதான் இங்க காப்பி போடறாங்க. வடிகட்டறதே இல்ல. நம்ம ஃபில்டர் காப்பிக்கும் இதுக்கும் ஏதாவது சொந்தம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சொந்தம் உண்டு. இரண்டுக்கும் தாய்வீடு செங்கடல் ஓரத்து ஏமன். செடி பிறந்தது எத்தியோப்பியாவில் என்றாலும், 15-ஆம் நூற்றாண்டில் அதைப் பானமாக்கிப் பரப்பியவர்கள் ஏமனின் சூஃபிகள். இரவு வழிபாட்டில் தூக்கம் வராமல் இருக்கக் குடித்தார்கள். அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, ஐரோப்பா போய்ச் சுற்றி வந்து நம்மிடம் காப்பி.

ஆனால் கொட்டையைவிட நெருக்கமான இன்னொரு சொந்தம் இருக்கிறது. காப்பி போன ஊரிலெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு கேள்வியும் போனது. யாரும் யாரோடும் சேர்ந்து உட்கார்ந்து இதைக் குடிக்கலாமா? இந்தக் கேள்வியில் அங்கே சுல்தான்கள் கவலைப்பட்டார்கள். இங்கே நாமே கவலைப்பட்டோம்.

முதலில் அங்கே நடந்ததைப் பார்ப்போம்.

1511-இல் மெக்காவின் அதிகாரி கைர் பே காப்பிக்குத் தடை போட்டார். கெய்ரோவில் இருந்த மேலிடம் அதை ஏற்காததால் தடை நிலைக்கவில்லை. 1554-55 வாக்கில் அலெப்போவைச் சேர்ந்த ஹக்கம், டமாஸ்கஸைச் சேர்ந்த ஷம்ஸ் என்ற இருவர் இஸ்தான்புல்லில் காப்பிக் கடை திறந்ததாக பெசெவி என்ற உதுமானிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கடை என்றால் குடித்துவிட்டு நடையைக் கட்டுகிற இடமில்லை. உட்காருகிற இடம். எழுத்தர், வியாபாரி, சிப்பாய், கவிஞர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சதுரங்கம் ஆடினார்கள், கதை கேட்டார்கள், அரசாங்கத்தைப் பற்றியும் பேசினார்கள். பிரச்சினை அங்கேதான் வந்தது. 1633-இல் சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை இழுத்து மூடச் செய்தார். லண்டனிலும் இதே கதை. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னர் காப்பிக் கடைகளை மூட உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் கேட்பேன்: ராஜா எதற்குப் பயந்தார், காப்பிக்கா? பின் பெஞ்சிலிருந்து பதில் வரும்: "இல்ல சார், கூட்டத்துக்கு!"

இனி அந்தக் காப்பியை வீட்டில் எப்படிப் போடுவது என்று பார்க்கலாம். அந்தப் பாத்திரத்துக்கு ஜெஸ்வே என்று பெயர். அடி அகலம், வாய் குறுகல். அது இல்லாவிட்டாலும் கைப்பிடி வைத்த சின்னப் பால் பாத்திரம் போதும். ஃபில்டருக்கு அரைக்கிற தூள் ஆகாது. சிக்கரி கலக்காத கொட்டையாக வாங்கி, மைதா மாதிரி நைஸாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். சின்னக் கோப்பைக்கு 60, 70 மில்லி பச்சைத் தண்ணீர், குவித்து ஒரு டீஸ்பூன் தூள். சர்க்கரை வேண்டுமானால் இப்போதே போட்டுவிட வேண்டும். பிறகு கலக்கினால் அடிமண்டி மேலே வந்துவிடும். சிறு தீயில் வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், பால் பொங்குகிற மாதிரி நுரை சட்டென்று ஏறும். தளதளவென்று கொதிக்க விடாமல் அந்த நேரத்தில் இறக்கி, நுரையோடு கோப்பையில் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் மண்டி இறங்கட்டும். பிறகு மேலாக உறிஞ்சிக் குடிக்க வேண்டும். பால் கிடையாது. அடியில் இருப்பதை விட்டுவிடலாம்.

2013-இல் யுனெஸ்கோ துருக்கிக் காப்பி மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மொழிக்குள்ளும் காப்பி ஊறிக் கிடக்கிறது. காலை உணவுக்கு அவர்கள் சொல்லும் கஹ்வால்டி என்ற சொல்லுக்குக் 'காப்பிக்கு முன்' என்று பொருள். நமக்குத்தான் எழுந்ததும் காப்பி. பழுப்பு நிறத்துக்கு அவர்கள் சொல்வது கஹ்வேரெங்கி, அதாவது காப்பி நிறம். நம் வீட்டுப் பெண்களும் ஜவுளிக்கடையில் 'காப்பிப்பொடி கலர்' சேலை என்றுதானே கேட்கிறார்கள்!

இனி நம் பக்கம் வருவோம்.

17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி, ஹஜ் போய்த் திரும்பும்போது ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது மரபுக் கதை. அந்த மலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்தார்.

தமிழர்களில் பெரும்பாலோர் காப்பியைக் குடிப்பதற்கு முன்பே அதற்காக உழைக்கத் தொடங்கிவிட்டார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. இலங்கைக் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, பஞ்சம் துரத்திய நம் ஜனங்கள் கங்காணிகளின் பின்னால் போனார்கள். தோணியேறி மன்னார் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்து விழுந்தவர்கள் ஏராளம். 1869-இல் அந்தத் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. சனங்கள் மட்டும் அதே மலையில், அதே லயத்தில். அவர்கள் பறித்துக் காயவைத்த கொட்டை கப்பலேறிச் சீமைக்குப் போனது. அதைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற பாக்கியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் காப்பி வந்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதுவரை காலையில் நீராகாரம், பழையது. இந்த மாற்றத்தைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று அருமையான ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். கிடைத்தால் அவசியம் படியுங்கள். காப்பி குடித்தால் உடம்பு கெடும், பெண்கள் கெடுவார்கள் என்று அந்நாளில் எழுதினார்கள், பேசினார்கள். ஆனாலும் காப்பி ஜெயித்தது. உத்தியோகம், படிப்பு, பட்டணம் எல்லாவற்றுக்கும் அது ஓர் அடையாளமாயிற்று. வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி கொடுத்தார்களா, மோர் கொடுத்தார்களா என்பதை வைத்தே மரியாதையை அளந்தார்கள்.

பிறகு ஊருக்கு ஊர் காப்பி கிளப் வந்தது. இஸ்தான்புல்லில் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்த அதே பானம் இங்கே பிரித்து உட்காரவைத்தது. 'பிராமணாள்' என்று பலகை. உள்ளே ஒரு சாராருக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளேயே இடமில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் இதே பிரிவினை. ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், ஒரே டிக்கெட்டில் வந்தவர்கள் பிளாட்பாரத்தில் இறங்கிக் காப்பி குடிக்கும்போது மட்டும் பிரிய வேண்டும். நீதிக்கட்சியும் பெரியாரும் விடாமல் எதிர்த்தார்கள். 1941-இல்தான் ரயில்வேயில் அது நீங்கியது.

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. கூறு 17 தீண்டாமையை ஒழித்தது. எல்லாருக்கும் தெரியும். கூறு 15-இன் இரண்டாம் உட்பிரிவைத்தான் பலர் படிப்பதில்லை. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகளில் நுழைய மதம், சாதி, பாலினம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது அது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடை வாசலைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்த வாசலில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

அப்படியும் பலகைகள் உடனே இறங்கவில்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் இயக்கத்தார் மறியல் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் நடந்தது. தினமும் ஆட்கள் வந்தார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வந்தார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று.

பலகை போனாலும் டம்ளர் போகவில்லை. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், சிறு வயதில் தன் ஊர்க் கடையில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தவர். எம்.ஏ., எம்.எட். படித்து, கணக்குப் பாடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் எடுத்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பி குடித்ததும் எழுந்துபோய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார். "வைங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று என் மனைவி எத்தனை தடவை சொன்னாலும், "பழகிப்போச்சும்மா" என்பார். சட்டத்துக்கு ஒரு தேதி உண்டு. பழகிப்போனதற்குத் தேதி கிடையாது.

டம்ளர் என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. இது என் ஊகம்தான். துருக்கிக் காப்பியை அண்ணாந்து குடிக்க முடியாது. சாய்த்தால் மண்டியும் கூடவே வந்துவிடும். உதட்டில் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். நம் காப்பியோ வடிகட்டின டிகாக்ஷன். விளிம்பு மடித்த டம்ளரில் ஊற்றி, டவராவில் ஆற்றி, உதடு படாமல் வாய்க்குள் ஊற்றிக்கொள்ளலாம். மேல் தட்டில் தூள், கீழ்த் தட்டில் டிகாக்ஷன் என்ற நம் ஃபில்டரைப் போலவே 1800 வாக்கில் பாரிஸிலும் டெ பெல்வா பெயரில் ஓர் இரண்டடுக்குப் பாத்திரம் புழங்கியது. ஆக, வடிகட்டுவது நமக்கு மட்டும் சொந்தமில்லை. அந்த வடித்த காப்பியை எச்சில் படாமல் குடிக்கத் தோதாக ஒரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டதுதான் நம் கைவேலை. ருசியும் ஆசாரமும் ஒரே டம்ளரில் கலந்துவிட்டன.

நம் குரோம்பேட்டையையும் சொல்லாமல் விடமுடியாது. இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி. குரோமிய உப்பில் தோல் பதனிடுகிற தொழிற்சாலை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் இந்தத் தடத்தின் இருபுறமும் ஆபீஸ் போகிற குடும்பங்கள் வந்து வீடு கட்டின, ஃபில்டரோடு. தோல் வேலை செய்தவனை எந்தக் காப்பி கிளப்பும் அன்று உள்ளே உட்காரவைத்திருக்காது. இன்று அவன் தொழிலின் பெயரைத்தான் நாம் எல்லாரும் விலாசத்தில் எழுதுகிறோம்.

இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தக் காப்பிக் கடையிலும் யாரும் யாருக்குப் பக்கத்திலும் நின்று குடிக்கலாம். காப்பி தானாக அதைக் கொடுத்துவிடவில்லை. மறியல் செய்தவர்களும், சட்டம் எழுதியவர்களும், பயத்தோடு முதல் முறை உள்ளே போய் உட்கார்ந்தவர்களும் சேர்ந்து வாங்கித் தந்தது.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வாத்தியார் புத்தி போகுமா! வீட்டில் எழுபது, எண்பது வயதைத் தாண்டினவர்கள் இருந்தால் கேளுங்கள்: "உங்க ஊர் காப்பி கிளப்ல யார் எங்க உக்காந்தாங்க? உங்களுக்கு எதுல குடுத்தாங்க?" என்ன சொல்கிறார்களோ அதை ஊர் பெயரோடும், தோராயமான வருஷத்தோடும் கீழே எழுதுங்கள். புத்தகத்தில் ஏறாத வரலாறு இது. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டு வைப்போம்.