ராஜ்யமும் புரோநோட்டும்

நாக்பூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் ஜெபக்கூட்டம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலையில், முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும். (இரண்டாவது சனி வங்கிகளுக்கு விடுமுறை. நாளைத் தேர்ந்தெடுத்தது யார் என்று இப்போது புரிந்திருக்கும்.) மொத்தம் ஒன்பது குடும்பங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாம் கலந்த கூட்டம். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் கோயில் வாசலை மற்றவர் மிதித்திருக்க மாட்டோம். இங்கே வந்தபிறகு தமிழும் தேங்காய் எண்ணெயும் எங்களை ஒன்றாக்கிவிட்டன.

பாட்டு, வேதபாடம், ஜெபம் எல்லாம் ஒழுங்காகத்தான் போகும். கடைசியில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும்போதுதான் வண்டி தடம் புரளும். ராஜ்யம் வரவேண்டும் என்று கேட்கிற இடத்தில் பாதிப்பேர் 'ராஜ்யம்' என்பார்கள், மீதிப்பேர் 'ஆட்சி', 'அரசு' என்பார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் இன்னும் மோசம். பைபிளில் உள்ள மத்தேயுவை அப்படியே மனப்பாடம் செய்தவர்கள் 'கடன்' என்பார்கள். எங்களைப் போல ஆராதனைப் புத்தகத்தில் வளர்ந்தவர்கள் 'குற்றம்' என்போம். கத்தோலிக்க வீட்டார் 'பாவம்' என்பார்கள். மூன்று சொல்லும் ஒன்றாக மோதி, ஆமென் வரும்போது ஒருவழியாக ஒன்று சேருவோம்.

போன மாதம் என் மகள் கேட்டாள். "அப்பா, கடனா, குற்றமா, பாவமா? ஏதாவது ஒண்ணை ஃபிக்ஸ் பண்ணுங்களேன்."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நான் படித்தது பி.காம்., இருபது வருடமாகப் பார்க்கிற வேலை கடன் கொடுப்பதும் வசூலிப்பதும். 'கடன்' என்ற சொல் காதில் விழுந்தால் தலை தானாகத் திரும்பும். தவிர, அன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ராஜ்யத்தைப் பார்த்துவிடுவோம். அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு ஒரு இடம்தான் மனதில் வரும். மேகத்துக்கு மேலே, செத்தபிறகு போகிற இடம். அதற்கு மத்தேயுவும் ஒரு காரணம். மற்ற சுவிசேஷங்கள் தேவனுடைய ராஜ்யம் என்று எழுதும் இடங்களில் அவர் பெரும்பாலும் பரலோக ராஜ்யம் என்றே எழுதினார். கடவுளின் பெயரைச் சும்மா உச்சரிக்கக் கூடாது என்ற யூத மரியாதைதான் அதற்குக் காரணம் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த மரியாதை நமக்கு விலாசமாகிவிட்டது! கிரேக்க மூலத்தில் உள்ள 'பசிலேயா', அதற்குப் பின்னால் இருக்கிற அரமேய 'மல்கூத்தா' இரண்டுமே நிலப்பரப்பைவிட அரசாளுதலையே அதிகம் குறிக்கும். அந்த வகையில் 1995-இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் 'இறையாட்சி' என்று போட்டது பொருத்தமான சொல் என்பேன். (சி.எஸ்.ஐ. சொந்தங்கள் கோபிக்க வேண்டாம். ஜெபத்தில் நானும் ராஜ்யம் என்றுதான் சொல்கிறேன். நாக்கு பழகிவிட்டது.)

அப்படியானால், 'கடவுள் அரசாளப் போகிறார்' என்ற செய்தி முதல் நூற்றாண்டில் ஒரு கலிலேயக் குடியானவன் காதில் எப்படி விழுந்திருக்கும்?

கிழக்கு நாடுகளில் புது ராஜா பட்டத்துக்கு வந்தால் மக்கள் எதிர்பார்த்தவற்றில் ஒன்று கடன் தள்ளுபடி. பாபிலோனில் ஹம்முராபி அதைச் செய்தான். அவன் வம்சத்தில் வந்த அம்மி-சதுக்கா கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் போட்ட ஆணை களிமண் பலகையில் இன்றும் இருக்கிறது. குடும்பங்கள் வாங்கிய தானியக் கடனும் வெள்ளிக் கடனும் ரத்து, வியாபாரத்துக்காக வாங்கிய கடன் ரத்து கிடையாது என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை ஞாபகம் வந்தது :-) எகிப்தில் கி.மு. 196-இல் வெட்டிய ரொசெட்டா கல்லிலும், ஐந்தாம் தாலமி அரசுக்கு வரவேண்டிய பாக்கிகளைத் தள்ளிவிட்டான் என்ற புகழ்ச்சி உண்டு. ஆக, 'ராஜ்யம் வரட்டும்' என்றதும் 'கடனை மன்னியும்' என்பதும் ஒரே ஜெபத்தில் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை என்று எனக்குப் படுகிறது. அந்தக் காலத்துக் காதுக்கு முதலாவதைக் கேட்டாலே இரண்டாவது ஞாபகம் வந்திருக்கும்.

யூதர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. அவர்கள் தள்ளுபடிக்கு ராஜாவின் தயவைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். ஏழாம் வருடம் வந்தால் கடனை விட்டுவிட வேண்டும் என்று உபாகமம் 15-ஆம் அதிகாரமே சொல்லிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறாம் வருடக் கடைசியில் எவன் கடன் கொடுப்பான்? கொடுக்கவில்லை. ஏழைதான் விதைக்குக்கூட வழியில்லாமல் நின்றான். இதைப் பார்த்துத்தான் ஹில்லேல் என்ற ரபி ஒரு ஏற்பாடு செய்தார் என்று மிஷ்னா சொல்கிறது. 'புரோஸ்புல்' என்று பெயர். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் ஒரு உறுதிமொழி எழுதிவைத்தால், ஏழாம் வருடம் வந்தாலும் வசூலிக்கலாம். ஒரு வங்கி அதிகாரியாக ஹில்லேலுக்கு என் கை தானாகத் தட்டுகிறது. கடன் திரும்பி வரும் என்ற நம்பிக்கை போனால் கடனே நின்றுபோகும். எந்தக் கிராமக் கிளை மேலாளரைக் கேட்டாலும் சொல்வார்.

1950-களின் தொடக்கத்தில் சாக்கடலுக்குப் பக்கத்து முரப்பாத் குகைகளில் பழைய ஓலைகள் பல கிடைத்தன. அதில் ஒன்று, நீரோ பேரரசனின் இரண்டாம் வருடத்தில், அதாவது கி.பி. 55-56 வாக்கில், அரமேய மொழியில் எழுதிய கடன் பத்திரம். தொகை வெறும் 20 வெள்ளிக்காசு. இருபது நாள் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். தவறினால் ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துத் தருகிறேன், அது ஏழாம் வருடமாக இருந்தாலும் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான் அந்த மனிதன். இருபது காசுக்கு, கடவுள் கொடுத்த விடுதலையையே எழுதிக் கொடுத்திருக்கிறான். பத்திரம் எழுதி வாங்குவதே என் பிழைப்பு. இருந்தும் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

இயேசு வளர்ந்த கலிலேயாவை ஏரோது அந்திபா ஆண்டான். நாசரேத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் செப்போரிஸ் நகரத்தைப் புதுப்பித்தான். கி.பி. 20-ஐ ஒட்டி ஏரிக்கரையில் திபேரியாவைக் கட்டினான். (எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு நாசரேத் உண்டு. திருச்செந்தூர் ரயில் நிற்கும். சின்ன வயதில் இயேசு அங்கேதான் பிறந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) கலிலேயாவும் பெரேயாவும் சேர்ந்து அந்திபாவுக்கு வருடத்துக்கு 200 தாலந்து வருமானம் என்று ஜோசபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த 200-ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு மத்தேயு 18-ஐத் திறந்து பாருங்கள். பரலோக ராஜ்யம் எதற்கு ஒப்பானது என்று இயேசு சொல்கிறார். எடுத்த எடுப்பிலேயே கணக்குப் பார்க்க உட்கார்ந்த ஒரு ராஜா! ஒரு ஊழியக்காரன் 10,000 தாலந்து பாக்கி. அதாவது அந்திபாவின் 50 வருட வருமானம். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்றால் ஆறு கோடி தெனாரியம், ஆறு கோடி நாள் கூலி. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அந்தக் கடனை ராஜா ஒரே வார்த்தையில் விட்டுவிடுகிறார். விடுதலையாகி வெளியே வந்தவன் தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். விகிதம் போட்டுப் பார்த்தேன். ஆறு லட்சத்துக்கு ஒன்று.

பிரசங்கங்களில் பத்தாயிரம் தாலந்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். என் கண் நூறு தெனாரியத்தில் நிற்கிறது. அது பொய்த் தொகை இல்லை. ஒரு கூலிக்காரனின் மூன்று நாலு மாத உழைப்பு. விட்டால் வலிக்கிற தொகை.

அதே காலத்தில் ராஜ்யத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். கி.பி. 6-இல் ரோமர்கள் யூதேயாவில் வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தபோது, கடவுளைத் தவிர எங்களுக்கு எஜமான் இல்லை என்று கலிலேயனான யூதாஸ் என்பவன் கிளம்பினான். அறுபது வருடம் கழித்து, கி.பி. 66-இல் பெரும் கலகம் வெடித்தபோது எருசலேமில் கலகக்காரர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்ததுதான். வட்டிக்காரர்களின் பத்திரங்களை அழித்துக் கடனாளிகளைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் என்று ஜோசபஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். நான்கே வருடத்தில் ஆலயமே எரிந்தது, அது வேறு கதை.

எங்கள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வி 'யாருடைய பணம்?' என்பது. அம்மி-சதுக்கா ஒரு கையெழுத்தில் ரத்து செய்ததில் அடுத்தவன் கொடுத்த கடனும் உண்டு. எருசலேமில் எரிந்ததும் அடுத்தவன் பத்திரம்தான். இயேசுவின் ஜெபத்தில் மட்டும் 'எனக்குத் தரவேண்டியவனை நான் விடுகிறேன்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ராஜ்யம் என் பேரேட்டில்தான் வந்து இறங்குகிறது.

அரசாங்கத் தள்ளுபடியையும் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். 2008-இல் எனக்கு 27 வயது. யவத்மாள் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் விவசாயக் கடன் பார்த்தேன். பருத்திச் சீமை, தற்கொலைச் செய்திகள் வராத வாரம் இல்லை. பிப்ரவரி 29 பட்ஜெட்டில் தள்ளுபடி அறிவித்தார்கள். இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு, 2007 மார்ச் 31-க்குள் வாங்கி, டிசம்பர் 31-இல் தவணை கடந்து, அறிவிப்பு நாள் வரை கட்டாமல் நின்ற பாக்கி முழுவதும் ரத்து. பட்டியலைக் கிளைச் சுவரில் ஒட்டினோம். பெயரைத் தடவிப் பார்த்து அழுதவர்களைப் பார்த்தேன். ஒரு பெரியவர் மட்டும் பட்டியலில் பெயரைத் தேடிவிட்டு என் மேஜைக்கு வந்தார். ஜனவரியில் ஒரு ஜோடி மாட்டை விற்று முழுக் கடனையும் கட்டியவர். "நான் செய்த தப்பு என்ன சாகேப்?" என்று மராத்தியில் கேட்டார். திராட்சைத் தோட்டத்தில் விடிந்ததிலிருந்து வேலை பார்த்தவனின் கேள்வி அது. சாயங்காலம் வந்தவனுக்கும் அதே ஒரு தெனாரியம் என்றால் அவனுக்கு எரியத்தானே செய்யும்? அந்த உவமையும் ராஜ்யத்தைப் பற்றியதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

மகளின் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்துவிட்டது. அரமேயத்தில் 'ஹோபா' என்ற ஒரே சொல்தான் கடனுக்கும் பாவத்துக்கும். மத்தேயு கடன் என்று எழுதினார். லூக்கா முதலில் பாவம் என்று எழுதிவிட்டு, அடுத்த பாதியில் கடன்பட்டவர்களைக் கொண்டுவந்தார். நூற்றாண்டுகள் போகப் போக பாவம் மேலே வந்தது, கடன் கீழே போய்விட்டது. பாவம் என்று சொன்னால் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டாமே!

இப்போது அந்தக் காலி நாற்காலி. எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி. திசையன்விளைப் பக்கத்துக்காரர், சின்னதாக ஒரு மெஸ் நடத்தினார். 2020 ஊரடங்கில் மெஸ் மூடியது. என்னிடம் ரூ.60,000 வாங்கினார். நான் வேண்டாம் என்று சொல்லியும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். திருப்ப முடியவில்லை. முதலில் போனை எடுக்காமல் விட்டார், பிறகு கூட்டத்துக்கு வருவதை விட்டார். சந்தையில் எதிரே வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறார். நானும் கேட்டதில்லை. கேட்காததையே பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி புரோநோட்டு மூன்று வருடத்தில் காலாவதி. ஆனால் நம் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. காலாவதியானால் வழக்குப் போடுகிற உரிமைதான் போகும், கடன் போகாது. அது அப்படியே நிற்கும். போன மாதக் கூட்டம் முடிந்து அண்ணாச்சியின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க கிழிச்சது அவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

வருகிற இரண்டாவது சனி எங்கள் வீட்டு முறை. நாளைக் காலையில் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். போனில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருக்க மாட்டார்.