மூங்கில் தடுப்பு பிறந்த கதை

அந்தமானின் லாங் ஐலண்டுக்கு எந்தச் சாலையும் போய்ச் சேராது. நடு அந்தமானின் ரங்கத்துக்கு வந்து, யெரட்டா துறையில் படகேற வேண்டும். அந்த ரங்கத் வழியாகத்தான் தேசிய நெடுஞ்சாலை 4 போகிறது. காட்டு வளைவு, அடைமழை, உப்புக் காற்று மூன்றையும் தாங்க வேண்டிய இந்தச் சாலைக்கு ஏற்ற ஓரத்தடுப்பு எது என்று யோசிக்கும்போது, மகாராஷ்டிரத்தின் விதர்பாப் பகுதியில் பிறந்த ஒரு மூங்கில் தடுப்பு நினைவுக்கு வருகிறது.

தடுப்பு என்றாலே வண்டியை முட்டி நிறுத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு வண்டியைச் சாலையின் போக்கிலேயே திருப்பிவிடுவதுதான் அதன் வேலை. நாம் எங்கும் பார்க்கும் இரும்புத் தடுப்பில் நெளிந்த தகடு இழுபடும், கம்பங்கள் சாயும். அது வளைவதற்குப் பின்னால் இடம் விட்டிருக்க வேண்டும். இடமில்லாத மலை விளிம்பில் கான்கிரீட் சுவர்தான் வழி. கம்பிவடத் தடுப்புக்கோ இன்னும் அதிக இடம் வேண்டும். தடுப்பின் முனையைக் கவனியுங்கள். அதை எதிரே நீட்டி விட்டுவிட்டால், மோதும் காருக்குள் ஈட்டிபோல் பாயும். தடுப்பும் ஓர் ஆபத்துதான். எனவே ஓரத்துப் பாறையையோ அடிமரத்தையோ அகற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாத இடத்தில் மட்டுமே தடுப்பு.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். எந்த இடத்துக்கு எந்தத் தடுப்பு என்பது உயிர்ப் பிரச்சினை.

மூங்கிலுக்கு வருவோம். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து நீக்கி 2017-இல் வனச்சட்டம் திருத்தப்பட்டது. வெட்டுவதும் கொண்டுபோவதும் எளிதாயின. மகாராஷ்டிரத்தின் வணி–வரோரா நெடுஞ்சாலையில் 200 மீட்டர் நீளத்துக்கு மூங்கில் தடுப்பு நிறுவப்பட்டதை 2023 மார்ச்சில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். பெயர் 'பாஹு பல்லி'. பம்புசா பால்கோவா என்ற மூங்கிலுக்குக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றி, மேலே மறுசுழற்சி பிளாஸ்டிக் பூசினார்கள். இந்தூர் அருகே பிதம்பூரில் உள்ள நாட்ராக்ஸ் வாகனச் சோதனை மையத்தில் சோதித்தார்கள். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் தீச்சோதனையில் முதல் வகுப்பு கிடைத்தது. நெடுஞ்சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸும் இதை ஏற்றுக்கொண்டது. மறுசுழற்சி மதிப்பு மூங்கிலுக்கு 50–70 சதவீதம், எஃகுக்கு 30–50 என்றும் அறிவிப்பு சொன்னது.

துத்தநாகப் பூச்சு தேய்ந்த எஃகைக் கடற்காற்று விரைவில் தின்றுவிடும். மூங்கில் துருப்பிடிக்காது. அதனால்தான் தீவுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்கிறேன். ஆனாலும் அப்படியே கொண்டுவந்து நட்டுவிடக் கூடாது. அந்தமான் காட்டு மூங்கில் வேறு இனம், அதன் வலிமையைத் தனியே சோதிக்க வேண்டும். விதர்பாவில் நிறுவப்பட்டது இங்கே கரையானையும் மாதக்கணக்கான மழையையும் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

ரங்கத் சாலையில் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, சிறு நீளத்துக்கு மூங்கில் தடுப்பு போட்டு, சில பருவமழைகள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று பொதுப்பணித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.