தி.நகர் என்கிற ஏரி

மெட்ராஸிலிருந்து சனி, ஞாயிறு ஆனா எங்க பக்கத்து ஏரிகளைப் பார்க்க நிறையப் பேர் வர்றாங்க. கரையில நின்னு போட்டோ எடுக்கிறாங்க, கொக்கு நாரை பார்க்கிறாங்க, மதகு எதுன்னு கேட்கிறாங்க. சந்தோஷம்தான். ஆனா அவங்க துணி எடுக்கப் போற தி.நகரே ஒரு காலத்துல ஏரிதான்னு சொன்னா பாதிப் பேர் நம்புறதில்லை. அதனால இந்த வாரம் எங்க ஊர்க் கதையை நிறுத்திட்டு, உங்க ஊர் ஏரியைப் பத்தி எழுதறேன்.

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சு சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் பிறை வடிவத்துல நீளமா ஒரு நீர்ப்பரப்பு இருந்துச்சு. வடக்குப் பாதிக்கு நுங்கம்பாக்கம் ஏரின்னு பேரு, தெற்குப் பாதிக்கு மயிலாப்பூர் ஏரின்னு பேரு. ரெண்டும் சேர்ந்து கிடந்ததால வெள்ளைக்காரங்க 'லாங் டேங்க்'னு சொன்னாங்க.

மயிலாப்பூர் எங்கே, தி.நகர் எங்கே, ஏன் அந்தப் பேருன்னு கேட்பீங்க. விவசாயம் பண்றவனுக்கு இதுல ஆச்சரியம் இல்லை. தண்ணி எங்கே நிக்குதுங்கறதை விட எந்த ஊருக்குப் பாயுதுங்கறதுதான் எங்களுக்கு முக்கியம். நிலம் மேற்கே உயரம், கிழக்கே கடலைப் பார்த்துச் சரிவு. ஏரியில நின்ன தண்ணி கிழக்கே இருந்த மயிலாப்பூர் நிலங்களுக்குப் பாய்ஞ்சதாலதான் அந்தப் பேர் வந்திருக்கணும்ங்கறது என் கணக்கு. ஒரு ஏரித் தண்ணி பாயற நிலத்தை நாங்க ஆயக்கட்டுன்னு சொல்லுவோம். தண்ணி தேங்கற பரப்புக்குப் பேரு உள்வாய்.

இதெல்லாம் நேத்து முளைச்ச ஊர் இல்லை. நுங்கம்பாக்கத்தோட பேரு 11-ஆம் நூற்றாண்டு ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டுலேயே இருக்கு. 1708-ல கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன ஐந்து கிராமங்கள்ல நுங்கம்பாக்கமும் ஒண்ணு. திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு மத்த நாலு. அப்போ கம்பெனி வாங்கினது வயலும் தோப்பும் ஏரியுமா இருந்த ஊருங்க.

அப்புறம் ஏரி எப்படிப் போச்சு? ஒரே நாள்ல யாரும் தூர்த்துடலை. முதல்ல போனது ஆயக்கட்டு. துரைமார்களும் பணக்காரங்களும் மவுண்ட் ரோட்டை ஒட்டிப் பெரிய பெரிய தோட்ட வீடுகளைக் கட்டினாங்க. நஞ்சை குறைஞ்சுது. 1872-ல செங்குன்றம் ஏரித் தண்ணி நகரத்துக்குக் குடிக்க வந்துச்சு. பாசனத்துக்கும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்னு ஆயிட்டா அந்த ஏரியை யாரு கேட்கப் போறாங்க? எங்க பக்கம் ஒரு ஏரிக்கரை உடைஞ்சா ராத்திரியோட ராத்திரியா மண்வெட்டியோட ஓடுவோம். ஓடறது ஏரி மேல இருக்கற பாசத்துனால மட்டும் இல்லை, கீழே நம்ம பயிர் நிக்குது. பயிர் இல்லாத ஏரிக்கு ஓடி வர ஆள் கிடையாது.

1920-ல நகரமைப்புச் சட்டம் வந்துச்சு. நகரத்துல இட நெருக்கடி. மாம்பலம் பக்கம் புது ஊர் கட்டலாம்னு 1923 வாக்குல வேலையைத் தொடங்கினாங்க. ஏரித் தண்ணியை வடிச்சு மனை போட்டாங்க. அப்போ ஆட்சியில இருந்தது நீதிக்கட்சி. அதனாலதான் 1925-ல காலமான சர் பிட்டி தியாகராயர் பேரு ஊருக்கு. பூங்காவுக்கு அன்னிக்கு முதல் அமைச்சரா இருந்த பனகல் ராஜா பேரு. உஸ்மான் ரோடு, ஜி.என்.செட்டி ரோடு, நாயர் ரோடு எல்லாம் அந்தக் கட்சிக்காரங்க பேருதான். பாண்டி பஜாருக்குக் கூட சௌந்தரபாண்டியனார் பேருதான்.

வடக்கே மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியிலதான் 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டம் நிக்குது. பக்கத்துலேயே 'லேக் ஏரியா'ன்னு தெருக்கள் இருக்கு. மேற்கு மாம்பலத்துல 'லேக் வியூ ரோடு'. அங்கே நின்னா ஏரி தெரியாது, பேரு மட்டும் தெரியும்.

மயிலாப்பூருக்குப் போனா வேற கதை. கபாலீசுவரர் கோயில் குளம் இன்னும் குளமாவே இருக்கு. கடலோரம் இருந்த பழைய கோயில் போர்ச்சுக்கீசியர் காலத்துல அழிஞ்சு, இப்போ இருக்கற இடத்துல திரும்பக் கட்டினதுன்னு வரலாறு. ஏரியை விடச் சின்னது, பாசனமும் கிடையாது. ஆனா தைப்பூசத்துக்குத் தெப்பம் விடணும். குளத்துல தண்ணி இல்லைன்னா ஊரே கேட்கும். கேட்க ஆள் இருந்துச்சு, குளம் பிழைச்சுது.

ஏரியைத் தூர்த்தாலும் தண்ணிக்கு வழி மறக்காது. மாம்பலம் கால்வாய் எங்கே போகுதுன்னு பாருங்க. வள்ளுவர் கோட்டம் பக்கம் கிளம்பி, தி.நகர் நடுவுல புகுந்து, நந்தனத்துல அடையாற்றுல விழுது. உங்களுக்கு அது சாக்கடை. என் கண்ணுக்கு ஏரி போன தடம். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடிச்சு வைக்கத்தான் ஏரி. பிடிக்கிற இடத்துல வீடு வந்துட்டா மழை முழுக்க அந்த ஒத்தைக் கால்வாய்லதான் ஓடணும். 2021 நவம்பர்ல ஜி.என்.செட்டி ரோடும் பாண்டி பஜாரும் மூழ்கிக் கிடந்தது ஞாபகம் இருக்கும். கால்வாய்ல கட்டுமானக் கழிவு அடைச்சதும் காரணம்னு செய்தியில வந்துச்சு. சரிதான். ஆனா தண்ணி நின்ன இடம் உள்வாய்ங்கறதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஊரைக் காலி பண்ணி மறுபடி ஏரி வெட்டுங்கன்னு நான் சொல்லலை. நூறு வருஷத்துக் குடியிருப்பு அது. ஆனா மிச்சத்தைக் காப்பாத்தலாம். அடையாற்று முகத்துவாரத்துக்கிட்ட குப்பைமேடா கிடந்த கழிமுகத்துல 58 ஏக்கரைச் சீர்படுத்தி, 2011-ல தொல்காப்பியப் பூங்கான்னு திறந்தாங்க. சேறு, கோரை, மீன், பறவைன்னு திரும்ப வந்துச்சு. மனசு வச்சா முடியும்ங்கறதுக்கு அது சாட்சி.

அடுத்த ஞாயித்துக்கிழமை வெளியூர் போக முடியலைன்னா இப்படி ஒரு நடை போங்க. காலையில வள்ளுவர் கோட்டம், அங்கிருந்து லேக் ஏரியா, பனகல் பூங்கா, கால்வாயை ஒட்டியே நந்தனம். நேரம் இருந்தா அடையாறு பிரம்மஞான சபை ஆலமரம். 1989 புயல்ல அதோட அடிமரம் சாய்ஞ்சுடுச்சு, ஆனா விழுதுகள் ஊன்றி மரம் நிக்குது. வழியில எங்கே ரோடு இறங்குது, எங்கே ஏறுதுன்னு மட்டும் கவனிச்சுட்டே போங்க. மழை விட்ட மறுநாள் போனா இன்னும் நல்லாத் தெரியும்.

உங்க தெரு ஏரிக்குள்ள இருக்கா, கரையில இருக்கா, ஆயக்கட்டுல இருக்கான்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. வீடு வாங்கறதுக்கு முன்னாடி கேட்டா இன்னும் நல்லது.