புவிநடுக்கத்துக்கு நாட்குறித்தோர்

பொறுமைக்கு உவமை தேடிய தமிழ்ப் புலவர்கள் நிலத்தையே கண்டனர். உழுதாலும் வெட்டினாலும் ஒன்றுஞ் சொல்லாது எல்லாச் சுமையையும் ஏற்றுக்கொண்டு கிடப்பது நிலம் என்பது அவர்தங் கருத்து. அத்தகைய நிலம் முன்னறிவிப்பின்றி ஒருநாள் நடுங்குமாயின் மனித உள்ளம் எவ்வளவு நடுங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடலிலே புயல் எழுந்தாற் கரைக்கு ஓடலாம். கரையே அசைந்தால் எங்கே ஓடுவது? ஆதலின் எல்லா நாட்டு மக்களும் இந்நிகழ்ச்சிக்குக் காரணமும் முன்குறியும் தேடினர். உலகைத் தாங்கும் ஆதிசேடன் தலையை அசைக்கின்றான் என்றனர் தமிழ் மக்கள். நிலத்தின் கீழே கிடக்கும் பெருங் கெளிற்று மீன் புரள்கின்றது என்றனர் யப்பானியர். நிலக்குகைகளில் அடைபட்ட காற்று வெளிவர முட்டுகின்றது என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில்.

இக்காலத்தவர் ஆதிசேடனையோ கெளிற்று மீனையோ காரணங் காட்டுவதில்லை. ஆயினும் மூன்று வினாக்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. புவிநடுக்கங்கள் முன்னையிலும் பெருகி வருகின்றனவா? சூரியனில் ஏற்படும் குமுறல்கள் அவற்றைத் தூண்டுகின்றனவா? சிலருடைய உடல் அவற்றை முன்கூட்டியே உணர்கின்றதா? இவை புதிய வினாக்கள் போலத் தோன்றினும் நீண்ட வரலாறு உடையவை. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி விடையின் தன்மையை அறிதல் அரிது.

1750ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி இலண்டன் மாநகரம் சற்றே குலுங்கியது. சரியாக நான்கு கிழமைகள் கழித்து, மார்ச் 8ஆந் திகதி விடியற்காலையில், முன்னையிலும் வலிதாக மீண்டுங் குலுங்கியது. புகைபோக்கிகள் சில சரிந்தன. பெருஞ் சேதம் இல்லை. ஆனால், இரண்டு நடுக்கங்களுக்கும் இடையே இருந்த இருபத்தெட்டு நாட்களைக் கண்டு, குதிரைப்படை வீரன் ஒருவன் கணக்கொன்று போட்டான். இன்னும் நான்கு கிழமைகளில் மூன்றாம் நடுக்கம் வரும், நகரம் அழியும் என்பது அவனுடைய கூற்று. ஏப்பிரில் மாதத் தொடக்கத்தில் மக்கள் கூட்டங் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். மூன்று நாட்களுள் 730 வண்டிகள் ஹைட் பூங்கா மூலையைக் கடந்து சென்றதாக எண்ணப்பட்டன என ஹொறேஸ் வோல்போல் தமது கடிதமொன்றில் எழுதினார். இரவு முழுவதும் வெட்டவெளியில் இருப்பதற்கென்று சீமாட்டிகள் தடித்த அங்கிகளைத் தைப்பித்துக்கொண்டனர். குறித்த இரவு வந்தது, சென்றது. நிலம் அசையவில்லை. அறிவிப்புச் செய்த வீரன் மனநோயாளர் இல்லத்திற் சேர்க்கப்பட்டான்.

அவனை நகைப்பது எளிது. ஆனால், அக்காலத்து அறிஞரும் அவனிலும் மிகத் தெளிவாக இருந்தனர் என்று சொல்வதற்கில்லை. மின்சாரம் பற்றிய ஆராய்ச்சி புதுமையாக இருந்த காலம் அது. ஆகவே, புவிநடுக்கம் மின்சாரத்தின் விளைவே என்று வில்லியம் ஸ்ரியூக்லி என்னும் அறிஞர் அரச கழகத்தின் முன் வாதித்தார். ஒவ்வொரு காலமும் தான் புதிதாகக் கண்டுபிடித்த ஆற்றலையே நிலத்தை அசைக்கும் ஆற்றலாகக் கருதிக்கொள்வது இவ்வரலாற்றிற் காணப்படும் ஓர் இயல்பாகும்.

ஐந்தாண்டுகளின் பின், 1755 நவம்பர் 1ஆந் திகதி, லிஸ்பன் நகரம் நடுக்கத்தாலும் கடலலையாலும் தீயாலும் அழிந்தது. சகல புனிதர் திருநாளாகிய அன்று தேவாலயங்களிற் கூடியிருந்தோர் பலர் மாண்டனர். இறைவனின் சினம் என்றனர் பலர். ஆனால், அமைச்சர் பொம்பால் காலத்தில் ஒவ்வொரு பங்குக்கும் வினாக்கொத்து ஒன்று அனுப்பப்பட்டது. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா வற்றியதா, எத்தனை வீடுகள் வீழ்ந்தன என்றெல்லாம் அது கேட்டது. செருமனியிலே தத்துவஞானி கான்ற், 1756இல் மூன்று கட்டுரைகளை எழுதி, இயற்கைக் காரணங்களையே ஆராய்தல் வேண்டும் என்றார். 1760இல் இங்கிலாந்தைச் சேர்ந்த யோன் மிச்செல், நடுக்கம் நிலத்தினூடே அலையாகப் பரவுகின்றது என்று எடுத்துக்காட்டினார். அச்சத்தின் இடத்தைக் கணக்கெடுப்புப் பிடிக்கத் தொடங்கியது அப்பொழுதே எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மலற் உலகத்து நடுக்கங்களைத் தேடிப் பட்டியலாக்கினார். யப்பானிலே பணியாற்றிய யோன் மில்ன், 1880ஆம் ஆண்டு யோக்கோகாமா நடுக்கத்தின் பின் சகபாடிகளுடன் ஒரு கழகத்தை நிறுவிப் பதிகருவிகளை வளர்த்தார். பின்னர் இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்து உலகெங்கும் பதிநிலையங்களை இணைத்தார். இவற்றின் பயனாகவே முதலாம் வினாவுக்கு இன்று விடை கூற முடிகின்றது.

புவிநடுக்கத்தின் வலிமையைப் பருமன் என்னும் எண்ணாற் குறிப்பர். ஐக்கிய அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நடுக்கத் தகவல் நிலையம் இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 நடுக்கங்களை இடங்கண்டு பதிகின்றது. நாளொன்றுக்கு 55 என்பது அதன் பொருள். இத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்து வந்திருப்பதைக் காண்போர் நிலம் அமைதி இழந்துவிட்டது என எண்ணுவர். உண்மையில் உயர்ந்தது காதுகளின் தொகையே. 1931இல் உலகில் ஏறக்குறைய 350 பதிநிலையங்களே இருந்தன. பின்னர் அவை பல்லாயிரமாயின. சிறு நடுக்கங்களை முன்னே கேட்பாரில்லை; இன்று கேட்கின்றனர். ஆயின், எக்காலத்தும் மறைக்க முடியாத பெருநடுக்கங்களின் கணக்கு யாது? 1900 முதலான பதிவுகளின்படி, 7உம் அதற்கு மேலும் பருமனுடையவை சராசரியாக ஆண்டுக்கு 16 நிகழ்கின்றன. 1988இல் 7, 1989இல் 6, 2010இல் 23. ஏற்றமும் இறக்கமும் உண்டு. தொடர்ந்த வளர்ச்சி இல்லை.

2004இற் சுமாத்திரா, 2010இற் சிலி, 2011இல் யப்பான் என மாபெரும் நடுக்கங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது இவ்வையம் மீண்டும் எழுந்தது. ஆனால் 1952இற் கம்சாற்கா, 1960இற் சிலி, 1964இல் அலாஸ்கா என முன்னொரு காலத்தும் அவை நெருங்கி வந்தன. நாணயத்தைப் பலமுறை சுண்டினால் தலையே தொடர்ந்து விழும் நேரமும் உண்டு. சிறு பின்னதிர்ச்சிகளை நீக்கிக் கணக்கிட்ட ஆய்வாளர், இத்தகைய நெருக்கம் தற்செயலுக்கு அப்பாற்பட்டதன்று என 2012இல் வெளியிட்டனர்.

மெய்யாகவே நடுக்கங்கள் பெருகிய இடம் ஒன்றையும் மறைத்தலாகாது. ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 3உம் அதற்கு மேலும் பருமனுடைய நடுக்கங்கள் முன்னர் ஆண்டுக்கு ஓரிரண்டே உணரப்பட்டன. 2015இல் அவை 900 அளவை எட்டின. எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வெளிப்படும் கழிவு நீரை ஆழத்தில் மீண்டும் செலுத்தியதே அதற்குக் காரணம். செலுத்துதல் கட்டுப்படுத்தப்பட்டதும் தொகையுங் குறைந்தது. காரணம் உண்மையாயின் அதைக் கூட்டினால் விளைவு கூடும், குறைத்தாற் குறையும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இந்த அளவுகோலைச் சூரியனுக்கும் வைத்துப் பார்க்கலாம். சூரியக் களங்கங்கள் ஏறக்குறையப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிச் சிறுகுகின்றன. இதனை 1843இற் சுவாபே என்னும் செருமானியர் அறிவித்தார். பத்தாண்டு கழியுமுன்னரே, 1853இல், களங்கங்களுக்கும் புவிநடுக்கங்களுக்கும் தொடர்பிருக்கலாம் என்று சுவிற்சலாந்து வானியலாளர் உறூடொல்ப் வோல்ப் கருதினார். 1974இல் கிறிபின், பிளாகெமன் என்னும் இருவர் எழுதிய ‘யூப்பிற்றர் விளைவு’ என்னும் நூல், 1982இற் கோள்கள் ஒரு பக்கத்தே கூடுவதாற் சூரியன் கிளர்ச்சியுறும், அதன் விளைவாகக் கலிபோர்னியாவிலே பெருநடுக்கம் தூண்டப்படும் என்றது. நூல் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 1982 வந்தது; கூறிய நடுக்கம் வரவில்லை. குறித்த ஆண்டு பிறக்கு முன்னரே கிறிபின் தமது கொள்கையைக் கைவிட்டிருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

வரலாறு காட்டுவது யாது? 1960ஆம் ஆண்டுச் சிலி நடுக்கம் சூரியக் கிளர்ச்சி உச்சமடைந்து ஈராண்டளவில் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டு அலாஸ்கா நடுக்கமோ களங்கங்கள் மிகக் குறைந்திருந்த காலத்தது. 2004இற் கிளர்ச்சி இறங்குமுகம், 2011இல் ஏறுமுகம். சூரியனின் எந்நிலையும் மாபெரும் நடுக்கங்களுக்குத் தடையாகவும் இல்லை, துணையாகவும் இல்லை. களங்கங்கள், சூரியக் காற்றின் வேகம், புவிக்காந்தக் குழப்பம் ஆகியவற்றை நடுக்கப் பதிவுகளுடன் நாள், மாதம், ஆண்டு எனப் பலவாறு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர் இருவர், நிலையான தொடர்பு எதுவுமில்லை என 2013இல் முடிவு கூறினர். 2020இல் இத்தாலிய ஆய்வாளர் சிலர் சூரியனிலிருந்து வரும் நேர்மின்னணுக்களின் செறிவில் ஒரு தொடர்பு கண்டதாக எழுதினர். அதுகொண்டு எந்த நடுக்கத்தையும் முன்னறிந்து கூறும் முறை பிறக்கவில்லை. சந்திரனைப் பொறுத்தமட்டில், அலையேற்றம் மிகுந்த நாட்களிற் சில பெருநடுக்கங்கள் நிகழும் வாய்ப்புச் சற்றுக் கூடலாம் என்பதற்குச் சான்றுண்டு. ஆனால், நாட்குறிக்கப் போதுமான வலு அதற்கில்லை. நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் நகர்ந்து, நூற்றாண்டுக் கணக்காய்ச் சேர்த்துவைத்த இறுக்கமே நடுக்கத்தின் முதல்.

ஆயினும் நாட்குறித்தல் நிற்கவில்லை. கோள்களைக்கொண்டு நடுக்கத்தைக் கணிக்க முயன்ற பெண்டாண்டி என்னும் இத்தாலியர் 1979இற் காலமானார். 2011 மே 11ஆந் திகதி உரோமாபுரி அழியும் என அவர் எழுதிவைத்தார் என்றொரு வதந்தி பின்னாளிற் பரவியது. அவருடைய தாள்களில் அத்தகைய குறிப்பு இல்லை என அவற்றைப் பேணியோர் கூறியும், பலர் விடுமுறை பெற்று நகரை நீங்கினர். உரோமாபுரி அசையவில்லை. ஆனால், அதே நாளில் இசுப்பானியாவின் லோர்க்கா நகரிலே 5.1 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்து ஒன்பதின்மர் இறந்தனர். நாள் பொருந்தியது என்று மகிழ்ந்தோர் நாடு பொருந்தவில்லை என்பதை மறந்தனர்.

உடலுணர்ச்சி பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே வளர்வது. கி.மு. 373இற் கிரேக்க நகராகிய ஹெலிக்கே அழியுமுன் எலிகளும் பாம்புகளும் நகரை விட்டு நீங்கின என்று பழைய நூலொன்று கூறும். தலைவலி, காதிரைச்சல், உறக்கமின்மை ஆகியன தமக்கு முன்குறிகள் என்போர் இன்றும் உளர். 6உம் அதற்கு மேலும் பருமனுடைய நடுக்கங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 நிகழ்கின்றன. ஆதலால், எவருக்கு எந்நாளில் தலை வலித்தாலும், இரண்டு மூன்று நாட்களுள் உலகின் ஒரு மூலையிலே நிலம் வலிதாக அதிரும். வலித்தும் அதிராத நாட்களையும், வலியாதிருக்க அதிர்ந்த நாட்களையும் எவரும் எழுதி வைப்பதில்லை. வலி பொய்யன்று, அதற்குக் கற்பிக்கும் பொருளே ஐயத்துக்குரியது. விலங்குகள் சில விநாடிகள் முந்தி உணர்வதற்கு மட்டும் தெளிவான விளக்கமுண்டு. நடுக்கத்தின் முதலலை விரைவானது, மெல்லியது; இரண்டாமலை தாமதமானது, வலியது. மனிதர் பொருட்படுத்தாத முதலலையை நாய் உணர்ந்து குரைக்கின்றது. நடுக்கம் தொடங்கிய பின்னர் எழும் குரைப்பே அது.

இதிலே பிழைபட்டால் விலை யாது என்பதைச் சீன நாடு கண்டது. 1975 பெப்ரவரி 4ஆந் திகதி ஹைசெங் பகுதி மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டமையால் ஆயிரக்கணக்கானோர் தப்பினர். விலங்குகளின் நடத்தையும் கிணற்று நீரும் குறிகாட்டின எனப் போற்றப்பட்டது. உண்மையில் மக்களை எச்சரித்தவை தொடர்ந்து வந்த முன்னதிர்ச்சிகளே. முன்னறியும் கலை கைவந்துவிட்டது என்ற எண்ணம் பரவிற்று. ஒன்றரை ஆண்டு கழியுமுன், 1976 யூலை 28ஆந் திகதி பின்னிரவில், தாங்சான் நகரம் உறங்கிக்கொண்டிருக்கையிற் சரிந்தது. பயனுள்ள முன்னதிர்ச்சி இல்லை; அறிவிப்பு இல்லை. அரசாங்கக் கணக்கின்படி 242,000 பேருக்கு மேல் இறந்தனர்.

விஞ்ஞானிகளும் இதில் தோல்வி கண்டவர்களே. கலிபோர்னியாவின் பார்க்பீல்ட் என்னும் சிற்றூரில் 1857 முதல் 1966 வரை ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்த நடுக்கங்கள் நிகழ்ந்தன. அடுத்தது 1993க்குள் வரும் என்று அறிவித்துக் கருவிகளால் அவ்வூரை நிரப்பினர். அது 2004இலேதான் வந்தது. அத்தனை கருவிகளிலும் தெளிவான முன்குறி பதியவில்லை. எனினும், அவர்கள் தமது பிழையைத் தாமே எழுதி வெளியிட்டனர். நாட்குறிப்போனுக்கும் அறிஞனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அப்படியாயின் மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை சுமாத்திராவின் அருகே நிலம் பிளந்தது. கடலலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. பல்லேகலையிலே உலக வலையமைப்பைச் சேர்ந்த பதிநிலையம் அன்றும் இருந்தது. கரைக்குச் செய்தி கொண்டு செல்லும் ஒழுங்குதான் இருக்கவில்லை. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால், நடுக்கத்தின் வாயிலிலேயே கிடந்த சிமெலு என்னும் சிறு தீவில் ஏறக்குறைய 78,000 மக்களுள் இறந்தவர் எழுவரே. 1907இல் அங்கு வந்த பேரலையை அவர்களுடைய பாட்டன்மார் ‘ஸ்மோங்’ என்ற சொல்லாலே தாலாட்டிலும் கதையிலும் சொல்லி வைத்திருந்தனர். நிலம் வலிதாக அசைந்து கடல் வற்றினாற் குன்றை நோக்கி ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். நிலம் அசைந்தது, அவர்கள் ஓடினர்.

அத்தீவு மக்களைக் காத்ததும் உடலுணர்ச்சியே. ஆனால் அது தலைவலியன்று. காலடியில் நிலம் மெய்யாகவே அசைந்த உணர்ச்சி. அவர்கள் நடுக்கத்தின் நாளை அறிய முயலவில்லை. நடுங்கிய பின் செய்ய வேண்டியதை மறவாதிருந்தனர். கடற்கரையில் வாழும் எம்மக்களும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கத்தக்க செய்தி அதுவே.