கருவூலம் காத்த கசப்பு: நச்சுப் பொருட்களை நாக்குக்கு ஒவ்வாததாக்கிய சட்டங்களின் வரலாறு

வீட்டில் புழங்கும் நச்சுத் திரவங்களில் கசப்பைக் கலக்க வேண்டும் என்று கட்டளையிடும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் 1990-களிலிருந்தும் ஐரோப்பாவில் 2010-களிலும் வந்தன. குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களோடு சேர்த்தே இவற்றைப் பேசுவது வழக்கம். ஆனால் இவற்றின் வேரைத் தேடிப் போனால், நாம் போய் நிற்பது பிரிட்டனின் கலால் துறை வாசலில். அந்தப் பிறவிக் குணம் இச்சட்டங்களை நெடுங்காலம் விடவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பொருளில் கசப்பு சேர்ந்திருக்கிறதா என்று சட்டம் கேட்டது. அந்தக் கசப்பு யாரையாவது காப்பாற்றியதா என்று கேட்க அது வெகுகாலம் எடுத்துக்கொண்டது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் சாராயத்தின் மீதான வரி கடுமையாக இருந்தது. குடிப்பவனுக்குப் போட்ட வரி, வார்னிஷ் காய்ச்சுபவனையும் வேதிப்பொருள் செய்பவனையும் சேர்த்தே அழுத்தியது. தாமஸ் கிரஹாம், ஹோஃப்மன், ரெட்வுட் ஆகிய மூன்று வேதியியலாளர்களிடம் அரசு யோசனை கேட்டது. மரத்தைக் காய்ச்சி வடித்தெடுக்கும் நாப்தாவைப் பத்தில் ஒரு பங்கு கலந்துவிட்டால் தொழிலுக்குக் கேடில்லை, குடிக்கவும் முடியாது என்றார்கள். 1855-இல் அதுவே சட்டமானது. அந்த நாப்தாவின் பெரும்பகுதி மெத்தனால். கண்ணையும் உயிரையும் பறிக்கும் அதன் தன்மை அப்போது கணக்கில் வரவில்லை. நாக்கு வெறுத்தால் போதும் என்று எண்ணினார்கள்.

நாக்கு வெறுக்கவில்லை. வரி கட்டிய மதுவை வாங்க வழியில்லாதவர்கள் இதையே நீர் கலந்து குடித்தார்கள். 1890-களின் தொடக்கத்தில், சில்லறை விற்பனைக்கு வரும் எரிசாராயத்தில் கனிம நாப்தாவையும் சேர்க்கும்படி விதியை இறுக்க நேர்ந்தது. இந்த முறை மற்ற நாடுகளின் கலால் சட்டங்களுக்கும் பரவியது. இயல்பு நீக்கிய எரிசாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் ஒரே தலைப்பில் கட்டுப்படுத்தும் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு விதிகளிலும் இதே மரபைக் காணலாம்.

அமெரிக்கா 1906-இல் தன் இயல்பு நீக்கச் சட்டத்தை இயற்றியது. பின்னர் மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயக்காரர்கள் தொழிற்சாலைச் சாராயத்தைச் சுத்திகரித்து விற்கத் தொடங்கவே, அரசு 1927-இல் மெத்தனாலின் அளவை உயர்த்தியது. குடிப்பார்கள் என்று தெரிந்தே நஞ்சைக் கூட்டியதாக நியூயார்க் நகரின் தலைமை மரண விசாரணை மருத்துவர் சார்லஸ் நாரிஸ் அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். சுவையைக் கெடுப்பது ஒரு வேலை, நஞ்சேற்றுவது வேறு வேலை. கருவூலத்துக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

நஞ்சில்லாமல் நாக்கை மட்டும் விரட்டும் பொருள் தேவைப்பட்டது. வாசனைத் திரவியங்களுக்கான சாராயத்தில் சேர்த்துவந்த புரூசின் நமக்கு அந்நியமானதன்று. எட்டிக் கொட்டையில் ஸ்ட்ரிக்னினோடு கூடவே இருப்பது. கசப்பில் குறைவில்லை, ஆனால் அதுவும் நஞ்சே. 1958-இல் எடின்பரோவின் டி அண்டு எச் ஸ்மித் நிறுவனத்தில், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் வகை மருந்துகளை ஆராய்ந்தவர்களின் கையில் தற்செயலாகச் சிக்கியது டெனடோனியம் பென்சோயேட். பிட்ரெக்ஸ் என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்த அதுவே, அறியப்பட்ட பொருட்களில் மிகக் கசப்பானது என்று இன்றும் சொல்லப்படுகிறது. 10 லட்சத்தில் 10 பங்கு இருந்தாலே பெரும்பாலோரால் வாயில் வைக்க முடியாது. அதன் முதல் வாடிக்கையாளரும் சாராயத் தொழில்தான்.

குழந்தையைக் காக்கும் சட்டங்கள் இதற்கிடையே வேறு தடத்தில் நடந்துகொண்டிருந்தன. சோடா காரம் போன்ற அரிப்புப் பொருட்களை விழுங்கி உணவுக்குழாய் வெந்துபோன குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த ஃபிலடெல்ஃபியா மருத்துவர் செவாலியர் ஜாக்ஸன் விடாமல் போராடியதால், 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இத்தகைய பொருட்களின் மீது எச்சரிக்கைச் சீட்டைக் கட்டாயமாக்கியது. எழுத்தறியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுத்தில் எச்சரிக்கை! 1970-இல் வந்த நச்சுத்தடுப்புப் பொதியச் சட்டம்தான் பிரச்சினையைச் சரியான இடத்தில் பிடித்தது: குழந்தையால் திறக்க முடியாத மூடி. மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கும் மாத்திரைகளை விழுங்கி இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் இந்த மூடியால் ஏறத்தாழ 45 சதவீதம் குறைந்ததாக 1996-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கசப்பும் குழந்தையும் சந்தித்தது எத்திலீன் கிளைகாலில். நம் மெக்கானிக்குகள் கூலண்ட் என்று ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தின் முக்கியக் கூறு அது. இனிப்பானது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதைப் படிப்படியாக ஆக்ஸாலிக் அமிலமாக்குகிறது. கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அடைக்கின்றன. குளிர்நாடுகளில் இது கேன் கேனாக வாகனக் கொட்டகைகளில் இருக்கும்.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கசப்பூட்டிகளைப் பற்றி ஆராயுமாறு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தைப் பணித்தது. 1992-இல் வந்த அறிக்கை, கசப்பு குழந்தைகளைக் காக்கும் என்று உறுதிசொல்லப் போதிய சான்று இல்லை என்ற திசையிலேயே முடிந்தது. ஓரிகன் மாநிலம் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு தாய் முன்னின்று நடத்திய பரப்புரையின் பயனாக 1991-இலேயே அங்கே சட்டம் நிறைவேறியது. கூலண்டும், மெத்தனால் கலந்த கண்ணாடி கழுவும் திரவமும் அதன் வரம்புக்குள் வந்தன. கலிஃபோர்னியா 2002-இல் அளவையே வரையறுத்தது: 10 லட்சத்துக்கு 30 முதல் 50 பங்கு டெனடோனியம்.

அதன்பின் சட்டத்தின் முகம் மாறியது. நியூ மெக்ஸிகோவில் அதற்கு ஸ்கூபி என்ற நாயின் பெயரே வழங்கியது. விலங்கு நல அமைப்புகள் களமிறங்கியதும் மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2012-க்குள் 17 மாநிலங்கள். கூட்டாட்சி மசோதா மட்டும் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை. கசப்பூட்டியால் விளையும் கேடுகளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கக் கூடாது என்ற பிரிவு அதில் இருந்தது. எளிதில் மக்காத டெனடோனியம் நிலத்தடி நீரில் இறங்கினால் என்னாகும் என்ற கேள்வியும் எழுந்தது. 2012 டிசம்பரில் உற்பத்தியாளர் சங்கம், 50 மாநிலங்களிலும் விற்கும் கூலண்டில் தாங்களே முன்வந்து கசப்பைச் சேர்ப்பதாக விலங்கு நல அமைப்போடு சேர்ந்து அறிவித்தது.

பயன் என்ன? ஓரிகனின் நச்சுத் தகவல் மையப் பதிவுகளை 2004-இல் ஆராய்ந்தவர்கள், சட்டம் வருமுன்பேகூடக் குழந்தைகள் கூலண்டைக் குடித்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மிக அரிது என்று கண்டார்கள். கசப்புச் சட்டமுள்ள மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் ஒப்பிட்டு 2009-இல் வந்த ஆய்வில், குழந்தைகள் குடித்த நிகழ்வுகளின் எண்ணிக்கையிலும் கடுமையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதில் வியப்பில்லை. கசப்பு தெரிய வேண்டுமானால் முதலில் வாயில் வைத்தாக வேண்டும். பால் மறக்கடிக்க வேப்பிலை தடவும் தாய்க்கு முதல் வாய் நட்டமில்லை, பால் நஞ்சல்லவே. அரிப்புப் பொருளிலோ முதல் வாயிலேயே தொண்டை வெந்துவிடும். வேண்டுமென்றே குடிக்கும் பெரியவர்களையும் கசப்பு தடுத்ததாகத் தெரியவில்லை.

விலங்கு வாதத்திலும் ஓட்டை உண்டு. இனிப்புதான் விலங்குகளை இழுக்கிறது என்றால் பூனை ஏன் அதைக் குடிக்கிறது? பூனையினத்தில் இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணு செயலற்றுப் போனது என்று 2005-இல் நிறுவப்பட்டது. ஆனாலும் கூலண்டுக்குப் பூனைகள் பலியாகின்றன; நாயைவிடக் குறைந்த அளவே அவற்றைக் கொல்லப் போதும்.

எலி மருந்தில் நடந்தது இன்னும் விசித்திரம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இல் அதில் கசப்பூட்டி வேண்டும் என்றது. 2001-இல் தானே பின்வாங்கியது. பின்வாங்கியதற்குச் சான்று போதாது என்று 2005-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2008-இல் முகமை வேறு வழிக்குப் போனது: குழந்தையின் கை எட்டாத இரைப் பெட்டி. அதாவது, மறுபடியும் மூடி.

திருப்பம் ஐரோப்பாவில் வந்தது. பளபளவென்று மிட்டாய்போல் இருக்கும் சலவைக் காப்ஸ்யூல்களைக் குழந்தைகள் கடித்துவிடும் நிகழ்வுகள் பெருகவே, ஐரோப்பிய ஆணையம் 1297/2014 என்ற ஒழுங்குமுறையை இயற்றியது. 2015 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. உள்ளிருக்கும் திரவத்தை விட்டுவிட்டு வெளியுறையிலேயே கசப்பு இருக்கவேண்டும். வாயில் பட்ட 6 நொடிக்குள் வெறுப்பு தோன்றவேண்டும். 20 பாகை நீரில் 30 நொடியாவது உறை கரையாமல் நிற்கவேண்டும். 300 நியூட்டன் அமுக்கு விசையைத் தாங்கவேண்டும். வெளிப்பொதியும் ஒளிபுகாததாக, எளிதில் திறக்க முடியாததாக இருக்கவேண்டும். 6 நொடிக்கும் 30 நொடிக்கும் இடைப்பட்ட அவகாசத்தில்தான் குழந்தை துப்பமுடியும். இங்கே சட்டம் கலவை விகிதத்தோடு நிற்காமல், குழந்தையின் வாயில் நடப்பதை அளவிட முனைகிறது.

1855-இன் கலால் விதியிலிருந்து கலிஃபோர்னியாவின் 30 முதல் 50 பங்கு வரை, கசப்புச் சட்டம் சரக்கைத்தான் சோதித்தது. மூடிக்குத் துணையாக, நச்சு தொண்டையில் இறங்குமுன் அவகாசம் தரும் இடத்தில் மட்டுமே கசப்பைச் சட்டமாக்குவதற்கு நியாயம் உண்டு. அந்த அளவுகோலில் பார்த்தால், கூலண்டுக்காக 17 மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் சான்று பெறாத சட்டங்களே.