கொடைக்கானல்: முதல் இரண்டு பங்களாக்கள்

கோடை விடுமுறை வந்தால் இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொடைக்கானல்தான். வெயிலுக்குத் தப்பி அந்த மலையில் வீடு கட்டி, சீசனுக்குப் போய்த் தங்கும் பழக்கத்தை ஆரம்பித்தவர்கள் யார் தெரியுமா? வெள்ளைக்காரத் துரைகள் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். பாதிதான் சரி. அவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்கள்!

ஆங்கிலேயரும் அங்கே போகாமல் இல்லை. 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் செண்பகனூர் பக்கத்தில் ஒரு சிறிய பங்களா கட்டினார். அதே 1834-ல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது.

வந்தவர்களைக் காய்ச்சலும் காலராவும் விடவில்லை. முதல் பத்து வருடங்களில் பாதிரியார், அவர் மனைவி, கைக்குழந்தை என்று பல சாவுகள். பக்கத்தில் இருக்கிறதே என்று சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல்! அதைப் பரப்புவது கொசு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பி, இன்னும் உயரத்துக்குப் போனார்கள். நம்பிய காரணம் தப்பு, போன இடம் சரி. கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்துக் குளிரில் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வது கடினம்.

1845-ல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகள் எழும்பின. கொடைக்கானல் ஊரின் ஆரம்பம் இதுதான். (வில்பட்டி, பூம்பாறை போன்ற மலைக் கிராமங்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே இருந்தவை. 'வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஊர்' என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.)

வண்டிப் பாதை இல்லாத மலையில் வீடு கட்டுவது என்றால் சும்மாவா? ஆணி, கண்ணாடி, கட்டில், பாத்திரம் எல்லாம் தலைச்சுமையாகவோ பொதி மாட்டின் முதுகிலோதான் ஏற வேண்டும். கட்டி முடித்ததோடு வேலை தீர்ந்துவிடாது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து ஊறிப்போயிருக்கும். விருந்தாளிகள் வருவதற்குள் ஒழுகும் கூரையை அடைக்க வேண்டும், விறகு வெட்டிக் காய வைக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு அரிசி பருப்பு ஏற்ற வேண்டும். அப்புறம் விருந்தாளிகளையே சுமக்க வேண்டும்!

1875-ல் மதுரைக்கு ரயில் வந்த பிறகும் இதுதான் நிலைமை. இன்றைய கொடை ரோடு ஸ்டேஷனுக்கு அப்போது அம்மையநாயக்கனூர் என்று பெயர். அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் வழியாக மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை போவார்கள். அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் டோலி. துரைசானியும் குழந்தைகளும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு செங்குத்தான மலை ஏறுவார்கள். ஏறியவர்களின் பெயர்கள் மிஷன் ஏடுகளில் இருக்கின்றன. தூக்கியவர்களின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

கலெக்டர் வீர் லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது. 1916-ல் மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறந்தது. மோட்டார் வந்ததும் டோலிக்கு வேலை போய்விட்டது.

அதாவது, சீசன் விருந்தாளிகளுக்கு! பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகெவி என்று ஒரு கிராமம் இருக்கிறது. மலைச்சாலை திறந்து நூறு வருடம் ஆன பிறகும் அந்த ஊருக்குச் சாலை இல்லை. மளிகைச் சாமான் குதிரையில் வந்தது. பிரசவ வலி கண்ட பெண்களை ஊர் ஆட்கள் டோலி கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.