உதறும் வீட்டில் உறிஞ்சும் யந்திரம்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ச் சாலையில், பகலென்றும் இரவென்றும் பேதமின்றிப் பஸ்கள் வந்து திரும்பும் மாட்டுத்தாவணி, 1999இல் பேருந்து நிலையம் அங்கே திறக்கப்படுவதற்கு முன்பு, பெயருக்கேற்ப மாடுகளின் ஸ்தலமாகவே பிரசித்தி பெற்றிருந்தது. சித்திரைத் திருவிழாவை ஒட்டிக் கூடிய சந்தைக்குச் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் உழவு மாட்டையும் வண்டி மாட்டையும் ஓட்டிவந்து கட்டி நிறுத்த, தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி முடித்தார்கள். அந்தச் சந்தையின் சரித்திரம் தனியே எழுதத் தக்கது. இங்கே நான் சொல்ல உத்தேசித்தது, மாடும் மண்ணும் சூழ்ந்த இந்தப் பூமியில் ஜனங்கள் வீட்டுத் தரையை எவ்விதம் பேணி வந்தார்கள் என்பதையும், அமெரிக்கக் கம்பளத்துக்கென்று பிறந்த ஒரு யந்திரம் இங்கே வந்து சேர்ந்தபோது அதன் கதி என்னவாயிற்று என்பதையுமே.

மதுரைச் சீமையின் பழைய வீட்டுத் தரை மண் தரை. மண் தரையில் தூசி வெளியிலிருந்து வருவது பாதி. தரையே உதிர்ந்து தூசியாவது மறுபாதி. ஆகவே அதை வெறுமனே பெருக்கிக்கொண்டிருப்பது, பெருக்கப் பெருக்கத் தரையைத் தேய்ப்பதாகவே முடியும். இதற்கு நம்மவர் கண்ட பரிகாரம் சாணம். பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் கையால் வளைவு வளைவாக மெழுகும்போது, அதிலுள்ள நார் மண்ணைப் பற்றிப் பிணைத்து, உலர்ந்த பின் மேலே ஒரு மெல்லிய தோலாக நிற்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாள் கிழமைகளிலும் மெழுகியது ஆசாரம் என்றே சொல்லப்பட்டாலும், அந்தத் தோல் சில நாட்களில் தேய்ந்துவிடும் என்ற காரணமும் அதில் அடங்கியிருந்தது. சாணத்துக்கு இப்பக்கத்தில் பஞ்சமே இருந்ததில்லை. மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகளைப் பெருங்கிடையாக ஓட்டிச் சென்று வயல்களில் அடைப்பதே, எருவின் பொருட்டு நடந்த ஒரு தொழில் அல்லவா?

விளக்குமாறுகளிலும் ஜாதி பேதம் உண்டு. வாசலுக்குத் தென்னை ஈர்க்கு, உள்ளே பெருக்க ஈச்ச ஓலையில் கட்டியது, காரைத் தரையும் சிமெண்டுத் தரையும் வந்த பிறகு வடகிழக்கு இந்திய மலைப் புல்லில் கட்டிய பூந்துடைப்பம் என்று காரியத்துக்கு ஒன்றாக அவை இருந்தன. வாசலில் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கியதைக் கவனிக்க வேண்டும். தூசியை எழும்பவிடாமல் நனைத்து அடக்குவது நம் முறையின் ஆதாரம். விளக்கு வைத்த பிறகு பெருக்கலாகாது, பெருக்கினால் லக்ஷ்மி போய்விடுவாள் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டித்ததற்குப் பலர் பல வியாக்கியானம் செய்வார்கள். அகல் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் கழன்று விழுந்த மூக்குத்தித் திருகு குப்பையோடு போய்விடும் என்ற பயமே எனக்குப் போதுமான காரணமாகத் தோன்றுகிறது.

இனி விரிப்புக்கு வருவோம். இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கோரைப்பாய், அதிலே உயர்ந்த பத்தமடைப்பாய், கல்யாண வீட்டுக்குப் பவானி ஜமக்காளம் ஆகிய இவை யாவும் விரிப்பதற்கும் சுருட்டுவதற்கும் என்றே ஏற்பட்டவை. காரியம் முடிந்ததும் இருவர் இரண்டு முனையைப் பிடித்து வாசலில் நாலு உதறு உதறினால், அதிலிருந்த தூசி தெருவோடு போயிற்று. இலவம்பஞ்சு மெத்தையைக் கூட மொட்டை மாடி வெயிலில் போட்டுக் கம்பால் அடித்தால் போதும். தரையோடு பிணைத்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும் விரிப்பு என்பது நமக்கு அனுபவத்தில் இல்லாத வஸ்து. 1934இல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை ஏற்பட்டு, பட்டணத்து வீடுகளில் சிவப்புச் சாயச் சிமெண்டுத் தரை பரவி, செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல்லும் பின்னர் எங்கும் மொசைக்கும் வந்தபோதும், வழவழப்பான தரையை ஈரத்துணியால் துடைத்தார்களே தவிர, அதைக் கம்பளத்தால் மூடி மறைக்க யாரும் பிரயத்தனப்படவில்லை. இந்த உஷ்ணத்தில் வெறுங்காலுக்குக் கிடைக்கும் குளிர்ச்சியை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

குளிர் தேசங்களின் நிலைமை வேறு. அங்கே கம்பளம் சுவரிலிருந்து சுவர் வரை ஆணியால் அறையப்பட்டிருந்தது. எடுத்து உதறுவதென்றால் அறையையே கலைக்க வேண்டும். அமெரிக்காவில் மெல்வில் பிஸ்ஸல் 1876இல் உருளைத் தூரிகை வைத்த தள்ளுவண்டி ஒன்றுக்குப் பேடண்ட் பெற்றது இந்தக் கஷ்டத்தால்தான். 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற எஞ்சினீயர், காற்றை ஊதித் தூசியை விரட்டிக் காட்டிய ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று சிந்தித்தார். உணவு விடுதி ஒன்றில் நாற்காலியின் மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்து மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்ததாகவும், கைக்குட்டையில் படிந்த கறுப்பு வளையம் அவருடைய யுக்திக்கு அத்தாட்சியாயிற்று என்றும் சொல்வார்கள். அவர் செய்த யந்திரம் வீட்டுக்குள் நுழையாது. குதிரை இழுத்து வந்து தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியே உள்ளே போகும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அதுதான்.

தெருவில் நின்ற யந்திரத்தை ஒருவர் கையில் பிடித்துத் தள்ளும்படி சுருக்கியவர், பிரபுவுமல்ல, எஞ்சினீயருமல்ல. ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் ஒரு கடையைப் பெருக்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர். பெருக்கப் பெருக்க எழும்பிய தூசியால் ஆஸ்த்மா உபத்திரவம் மேலிட, அவர் ஒரு மின்விசிறி மோட்டாரையும், மரப்பெட்டியையும், விளக்குமாற்றின் கைப்பிடியையும், தலையணை உறையையும் சேர்த்து 1907இல் ஒரு கருவியைச் செய்து, மறு ஆண்டு பேடண்டும் பெற்றார். அதைத் தயாரித்துப் பரப்பும் பொருள் வசதி அவரிடம் இல்லை. தோல் சாமான் வியாபாரியான வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கி 1908இலேயே விற்பனையைத் தொடங்கினார். வியர்வை ஒருவருடையதாகவும் பெயர் மற்றொருவருடையதாகவும் நிலைத்த கதைகளில் இதுவும் ஒன்று. நின்றபடியே தள்ளிச் செல்லும், கடைக்காரர்கள் ‘அப்ரைட்’ என்று சொல்லும் வகைக்கு வம்சமூலம் இதுவே. 1926இல் ஹூவர் கம்பெனியார் அதன் உருளையில் கம்பளத்தை அடித்து உலுக்கும் பட்டைகளையும் சேர்த்தார்கள். நாம் மொட்டை மாடியில் கம்பால் செய்த காரியத்தை, தரையை விட்டு எழும்ப முடியாத விரிப்புக்கு ஒரு மோட்டார் செய்யலாயிற்று என்பதே இதன் தாத்பரியம்.

வாக்குவம் கிளீனர் என்ற இந்த யந்திரம் நம் நாட்டில் வீடு வீடாகப் பரவத் தொடங்கியது 1982க்குப் பிறகு. ஸ்வீடன் தேசத்து எலக்ட்ரோலக்ஸும் அப்போது டாடா குழுமத்தைச் சேர்ந்திருந்த போர்ப்ஸும் கூட்டாக நிறுவிய யுரேகா போர்ப்ஸ் கம்பெனி, ‘யூரோகிளீன்’ என்ற பெயரில் அதைக் கடையில் வைத்துக் காத்திராமல், கழுத்தில் டை கட்டிய இளைஞர்களை வாசற்படிக்கே அனுப்பியது. அவர்கள் வீட்டாரின் மெத்தை மேலேயே யந்திரத்தை ஓட்டி, சேர்ந்த மண்ணை வெளியே தட்டிக் காட்டியபோது, சுத்தத்தில் கர்வம் கொண்ட எத்தனையோ குடும்பங்கள் வெட்கத்தாலேயே பணத்தை எண்ணிக் கொடுத்தன. ஆனால் அவ்விதம் வந்தது தரையில் இழுத்துச் செல்லும் குழாய் வகை. ஒட்டடை, ஜன்னல் கம்பி, சோபா, மெத்தை என்று எங்கும் நீட்டத் தோதான அதுவே மொசைக் தரைக்கு ஏற்றது. நின்ற வகையோ, பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிள்ளைகளின் சாமான்களோடு வந்தது; வந்த வேகத்தில் ஒரு விபத்தையும் உடன் கொண்டுவந்தது.

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. பிளக்கின் வடிவத்தை மாற்றிவிட்டால் போதும் என்று எண்ணிச் செருகியவர் வீட்டில், மோட்டார் ஒரு கணம் பேயாகச் சுழன்று புகைந்து அடங்கியிருக்கும். மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்பார்மர் அவசியம். 12 ஆம்பியர் இழுக்கும் யந்திரம் 1440 வாட்டைத் தின்னுமாதலால், டிரான்ஸ்பார்மரும் அதற்கு மேற்பட்ட திறனுள்ளதாக இருக்க வேண்டும். சிறியதை வாங்கியவர் இரண்டையும் இழப்பார்.

பழுதுபட்ட இந்தப் பரதேசி யந்திரத்தைப் பிழைக்க வைத்தது யார் என்றால், மிக்ஸி மெக்கானிக் என்றே சொல்ல வேண்டும். 1960களில் பம்பாயில், சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயர் தம் மனைவியின் ஜெர்மன் மிக்ஸர் பழுதானதை முன்னிட்டு, நம் தேசத்து அரைப்புக்குத் தாங்கும் மோட்டாரை வகுத்து ‘சுமீத்’ மிக்ஸியை உண்டாக்கினார். மிக்ஸிக்குள் இருப்பதும் வாக்குவம் கிளீனருக்குள் இருப்பதும் ஒரே குலத்து மோட்டார்: சிறிய உடம்பு, அபாரமான வேகம், சுழலும் செம்பு வளையத்தின் இருபுறமும் உராய்ந்து மின்சாரம் ஊட்டும் இரண்டு கார்பன் கட்டைகள். கார்பன் தேய்ந்தால் பொறி பறக்கும், ஒருவித நாற்றம் எழும், மோட்டார் விட்டு விட்டு ஓடும் என்பதைத் தமிழ்நாட்டுச் சமையலறை நெடுநாளாக அறியும். 2011இல் அரசாங்கமே மிக்ஸியை விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய பிறகு அந்த அறிவு எட்டாத தெருவே இல்லை. கோவையில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மோட்டார் செய்யத் துணிந்த நாள் முதல், கிணற்றுப் பம்புசெட்டுக்காகக் கிராமங்கள் வரை பரவிய வைண்டிங் கடைகள் வேறு இருந்தன. எரிந்த சுருளைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, அதே கனத்துக் கம்பியை மறுபடி சுற்றத் தெரிந்தவருக்கு, எதிரே இருப்பது எந்தத் தேசத்து மோட்டாரானால் என்ன? கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பழுது நிலையங்களைவிட இவர்களிடமே எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆயினும் மெக்கானிக்கிடம் போகும் யந்திரங்களில் பலவற்றுக்கு மோட்டாரில் தோஷமே இருப்பதில்லை. மூச்சு அடைபட்டிருக்கும். உறிஞ்சிய காற்று பையின் நுண்துளைகளின் வழியாகவே வெளியேற வேண்டும்; பல வகைகளில் அந்தக் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. நம் வீட்டுத் தூசியிலோ கோலமாவு, விபூதி, ஊதுவத்திச் சாம்பல், பக்கத்து மனையில் கட்டடம் எழும்பினால் சிமெண்டு என்று மாவினும் நுண்ணியவை கலந்திருப்பதால், பை பாதி நிறையுமுன்பே துளைகள் தூர்ந்துவிடும். இழுப்புக் குறைகிறது, மோட்டார் சூடாகிறது, உள்ளேயிருக்கும் காப்பு விசை மின்சாரத்தைத் துண்டிக்கிறது. வீட்டார் யந்திரம் செத்தது என்று முடிவு கட்டுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கி, பையையும் வடிகட்டியையும் குழாயையும் பார்த்து அடைப்பை நீக்கி, அரை மணிக்கு மேல் ஆறவிட்டால் அது மறுபடி உயிர் பெறுவது அபூர்வமல்ல. கழுவத்தக்க வடிகட்டியை ஈரம் முற்றும் உலராமல் திரும்ப மாட்டுவது மட்டும் கூடாது.

நின்ற வகைக்கே உரிய நோய் அடிப்பாகத்தில் உண்டாவது. தூரிகை உருளையை மோட்டாரோடு சேர்ப்பது ஒரு ரப்பர் பெல்ட். அது அறுவதற்கு முன் நெகிழும். நெகிழ்ந்த பெல்ட் உருளையைச் சுழற்றாது. யந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். உருளையில் சுற்றுவதோ தலைமயிர் மட்டுமன்று. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை தினமும் வந்து சேரும் ஊரில், சரம் தொடுத்த வாழைநாரும் உதிர்ந்து கிடந்து, முடியோடு முறுக்கிக்கொண்டு உருளையின் இரு முனைகளிலும் புகுந்து தாங்கிகளை இறுக்கிவிடும். அடித்தட்டைத் திறந்து, உருளையின் நீளவாட்டில் கத்தரிக்கோலை விட்டு நறுக்கினால் அது கொத்தாக வந்துவிடும். கையால் உருளையைச் சுழற்றித் தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பெல்ட்டைப் பூட்ட வேண்டும். ஈரத் தரையில் ஓட்டிய யந்திரத்துக்கு மட்டும் இந்தப் பரிகாரம் எதுவும் பலிக்காது.

என் அபிப்பிராயத்தில், மொசைக்கும் டைல்ஸும் பதித்த வீட்டுக்கு நின்ற வகையைப் புதிதாக வாங்குவது வீண் செலவு. பூந்துடைப்பமும் மாப்பும் அந்தத் தரைக்குப் போதும், மெத்தைக்கும் சோபாவுக்கும் குழாய் வகை போதும். முன்பே வந்து சேர்ந்த ஒன்றை வைத்திருப்பவர்கள், அதன் அடித்தட்டில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து வருபவரிடம் சாக்லேட்டுக்குப் பதிலாக அந்த எண்ணுக்குரிய பெல்ட் இரண்டும் பை ஒரு கட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். கார்பன் மட்டும் நம் ஊர் மிக்ஸிக் கடையிலேயே கிடைத்துவிடும்.